இருக்கிறபடி எழுதுகிறேன்

சேசு மரி சூசை துணை

மரியநாதபுரம், திண்டுக்கல்
9.2.2025

மதிப்பிற்குரிய பிரதர் கஸ்பார் அவர்களுக்கு, அம்மாச்சி ஆரோக்கியம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அம்மா ஐரினும் ஆண்டவர் இரக்கத்தால் நாளைக் கடத்திக்கொண்டிருக்கிறோம். அந்த வடக்கத்திக் குளிரில் உங்களுக்குச் சளி பிடிக்காமல் இருக்கிறதா என்று எழுதவும்.

சொந்தப் பேரனுக்கு எதற்கு நீங்கள், அவர்கள் எல்லாம் என்று ஐரின் சிரிக்கிறாள். அங்கி போட்டுவிட்டால் பேரன் வேறு, பிரதர் வேறு. டிசம்பர் 28-ஆம் தேதி குருப்பட்டம் ஆனதும் சாமி என்றுதான் கூப்பிடப் போகிறேன். இப்போதே நாக்கைப் பழக்க வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அம்மாவிடம் போனில் பேசும்போது நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் குரல் எனக்கு எட்டவில்லை. மாவு மில் ஓட்டி ஓட்டி என் காது மில்லோடு போய்விட்டது. கத்திப் பேசச் சொன்னால் தெருவே வாசலில் கூடிவிடும். ஐந்தாம் வகுப்பு முடித்தவள் நான். கடிதம் எழுத யார் வீட்டிலும் போய் நிற்க வேண்டியதில்லை.

போன வாரம் மதுரைக்குப் போய் வந்தோம். கர்ப்பப்பையில் இருந்த புற்று இப்போது ஈரலுக்கும் போயிருக்கிறது. டாக்டரம்மா ஐரினை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு எனக்கு ஒரு தாளில் எழுதிக் காட்டினார். கிறிஸ்துமஸ் வரை தாங்கினால் பெரிய காரியமாம். வெளியே வந்ததும் ஐரின் என் முகத்தைப் பார்த்தாள். "மாத்திரைய மாத்திருக்காக" என்றேன்.

குருப்பட்டத்தன்று ஆயர் உங்கள் உள்ளங்கையில் எண்ணெய் பூசி வெள்ளைத் துணியால் கட்டுவார். அந்தத் துணி பெற்றவளுக்கு. அவள் போகும்போது அதைக் கையில் கட்டித்தான் பெட்டியில் வைப்பார்கள். என்ன கொண்டு வந்தாய் என்று மேலே கேட்டால், ஒரு குருவானவரைக் கொடுத்துவிட்டு வந்தேன் என்று அதைக் காட்டலாம். நம் தெருவில் இதுவரை ஒருத்திக்கும் வாய்க்கவில்லை. ஐரின் மல் துணி எடுத்து, தன் கையாலேயே ஓரம் தைக்கிறாள். "அதுவரைக்கும் இருந்துட்டாப் போதும்மா" என்று உதட்டசைவில் எனக்குப் புரிகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

பட்டத்துக்கு முன்னால் ஒரு வருஷம் சமஸ்கிருதமும் புத்த சமயமும் படித்து வரச் சபை அனுப்பியது என்கிறீர்கள். அய்யர்மார் பாஷை நம் கோவிலில் பூசை வைக்க எதற்கு? பெரியவர்கள் சொன்னால் காரணம் இருக்கும். சீக்கிரம் முடித்துக்கொண்டு வந்து சேரவும்.

உங்கள் செபத்தில் எங்களையும் சேர்த்துக்கொள்ளவும்.
ஆரோக்கியம்மாள்

*

சேசு மரி சூசை

சாரநாத்
2.3.2025

அன்புள்ள அம்மாச்சிக்கு, கஸ்பாரின் வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன், குளிர் குறைந்துவிட்டது. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மா போனில் எப்போதும் "நல்லாருக்கேன்டா" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். நீங்கள் எழுதியதால்தான் ஈரல் விஷயம் தெரிந்தது. அன்று நான் வகுப்புக்குப் போகவில்லை.

சமஸ்கிருதம் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் படுக்கப் போகும் முன் சொல்லும் செபத்தை நினைத்துப் பாருங்கள். சர்வேசுரன், மோட்சம், ஆத்துமம், சித்தம், ஞானஸ்நானம். பாதிக்கு மேல் இந்தப் பாஷைதான். உங்கள் மடியில் தூக்கத்தோடு தூக்கமாகப் படித்ததை இங்கே விழித்துக்கொண்டு படிக்கிறேன்.

எங்கள் ஆசிரியர் உபாத்யாய்ஜி. வயதானவர், வேர்க்கடலை உரித்துக்கொண்டே திட்டுவார். நமக்கு ஒரே ஒரு 'த'. இவர்களுக்கு நான்கு. என் வாயில் நான்கும் ஒன்றாகவே வருகிறது. "உள்ளங்கையை வாய்க்கு நேரே வை, மதராசி. மூச்சு கையில் பட்டால்தான் அது இரண்டாவது" என்கிறார். விடுதியில் எல்லோரும் தூங்கப் போன பிறகும் கையை வைத்துக்கொண்டு ஊதிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது படிப்பது தததா என்ற ஒரு சொல்லை. நடுவில் இருக்கும் த-வுக்கு மூச்சு வேண்டும். ஒரு பொருள் அப்படியே, அதுவாக இருப்பது என்று அர்த்தம். நம் ஆசையையும் பயத்தையும் அதன்மேல் பூசாமல், கூட்டாமல் குறைக்காமல், இருக்கிறபடி பார்ப்பது. புத்த சமயத்தில் இதைப் பெரிய விஷயமாகச் சொல்கிறார்கள். ஒரு நாள் இங்குள்ள புத்தர் தூபியைச் சுற்றி நடந்தபோது, யாரோ பக்தர் வைத்த சாமந்தி மாலையை ஓர் ஆடு தின்றுகொண்டிருந்தது. "என்ன பார்க்கிறாய்?" என்றார் ஆசிரியர். "அவமரியாதை" என்றேன். தலையில் அடித்துக்கொண்டார். "ஆடு. மாலை. தின்கிறது. அவ்வளவுதான் அங்கே இருக்கிறது. மிச்சம் உன் பையிலிருந்து நீ எடுத்து வைத்தது" என்றார்.

டிசம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது. அம்மாவைத் தையலில் கண்ணை வருத்திக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
கஸ்பார்

*

சேசு மரி சூசை துணை

திண்டுக்கல்
23.3.2025

மதிப்பிற்குரிய பிரதர் அவர்களுக்கு, அம்மாச்சி எழுதுவது. முழங்கால் அதுபாட்டுக்கு வலிக்கிறது, நான்பாட்டுக்கு நடக்கிறேன். ஐரினுக்கு இந்த வாரம் கஞ்சி தங்குகிறது. நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? அந்தச் சப்பாத்தி வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா?

ஆடு கதையை ஐரினுக்கு வாசித்துக் காட்டினேன். எனக்குக் கோபம்தான் வந்தது. படித்த இரண்டு ஆம்பிளைகள் நின்று ஆட்டை விரட்டாமல் வேடிக்கை பார்த்திருக்கிறீர்கள். அந்த மாலையை ஒருத்தி உட்கார்ந்து கட்டியிருப்பாள் அல்லவா? அவள் விரல் வலியும் அங்கே இருந்ததுதானே? அதை யார் பையிலிருந்து எடுத்து வைத்தது? உங்கள் வாத்தியாரிடம் நான் கேட்டதாகக் கேளுங்கள்.

அப்புறம் இந்தத் தததா. பல் முளைக்கும்போது நீங்கள் நாள் பூராவும் சொன்னது அதுதான். அப்போதே பிடித்து வைத்திருந்தால் ரயில் செலவு மிச்சம். ஆனாலும் நானும் கையை வைத்துச் சொல்லிப் பார்த்தேன். எனக்கு நாலிலும் மூச்சு பட்டது. மில்லில் தவிடு ஊதிய வாய்.

கோவில் வாசலில் நம் தெரு அந்தோணிமுத்து எல்லோர் முன்னாலும் கையை ஆட்டி, எனக்குப் புரிகிற மாதிரி கத்திக் கேட்டார். "ஏன் ஆரோக்கியம், பேரனுக்கு அங்கி மாட்டப் போறியா, பூணூல் மாட்டப் போறியா?" நான் விடுவேனா? "ஒம் பேரன் தமிழ்லயே மூணு தடவ பெயிலு. அவனுக்கு ரெண்டையும் மாட்டு, எது நிக்கிதுன்னு பாப்போம்" என்றேன். ஆள் பூசைக்கு நிற்காமல் போய்விட்டார்.

பூசை உடுப்புத் தைக்க மார்பளவும் தோளளவும் கேட்டு ஐரின் போனில் சொன்னாளாமே? இன்னும் வரவில்லை. நாகல் நகர் தையற்காரர் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். மறக்காமல் எழுதவும்.

ஆரோக்கியம்மாள்

*

சாரநாத்
27.4.2025

அன்புள்ள அம்மாச்சிக்கு, ஈஸ்டர் வாழ்த்துகள். நலமாக இருக்கிறேன். இங்கே வெயில் தொடங்கிவிட்டது. நம் ஊர் வெயில் மாதிரி வேர்க்காது, உலர்த்தும். நீங்கள் மொட்டை வெயிலில் கடைக்குப் போக வேண்டாம்.

மாலை கட்டியவளின் விரல் வலி பற்றி ஆசிரியரிடம் கேட்டேன். கடலை உரிப்பதை நிறுத்திவிட்டார். "உன் பாட்டி எந்தக் கல்லூரி?" என்றார்.  

நாங்கள் மாதக்கணக்காக ஒரே பக்கத்தில் நிற்கிறோம். முன்பெல்லாம் படித்ததைக் குறிப்பெடுத்து வைப்பேன். இப்போது எடுப்பதில்லை. விடியற்காலையில் சிற்றாலயத்தில் போய் உட்கார்கிறேன். ஜன்னல் இருக்கிறது. பலகை இருக்கிறது. வெளிச்சம் வந்து பலகையில் விழுகிறது. மணி அடித்ததும் எழுந்து வருகிறேன்.

அம்மா போன ஞாயிறு நிறையச் சிரித்தார். நீங்கள் பார்த்தீர்களா?

அன்புடன்,
கஸ்பார்

*

சேசு மரி சூசை துணை

திண்டுக்கல்
18.5.2025

மதிப்பிற்குரிய பிரதர் அவர்களுக்கு, இங்கே நான் சுகம். உங்கள் அம்மாவுக்குத்தான் கண்ணில் மஞ்சள் தெரிகிறது. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று நாலு வரி கூட எழுதினால் குறைந்து போகாது.

போன கடிதத்தின் தலைப்பில் சேசு மரி சூசை இல்லை. படிப்பு மும்முரத்தில் மறந்திருப்பீர்கள். நானே பென்சிலால் எழுதிவிட்டுத்தான் வாசித்தேன். தோளளவும் இல்லை. பரவாயில்லை, உங்கள் பழைய சட்டையைக் கொடுத்துவிட்டேன்.

இப்போது நல்ல செய்தி. இந்த நிலையில் ஐரின் டிசம்பர் வரை தாங்கமாட்டாள் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. பக்கத்து வீட்டு ரூபியைக் கூட்டிக்கொண்டு உங்கள் சபையின் மாநிலத் தலைவர் சாமியைப் பார்க்க நேரே மதுரைக்குப் போய்விட்டேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"சாமி, எம் மக கெடக்குற கெடைக்கு டிசம்பரு ரொம்பத் தூரம். நீங்க தேதிய முன்னாடி இழுக்கணும்" என்றேன்.

அவர் பேசுவதை ரூபி என் காதில் கத்தினாள். கஸ்பாரின் மனசைக் கேட்க வேண்டும் என்றாராம்.

"அவருகிட்ட என்னத்தக் கேக்குறது சாமி? அவரு பெறந்ததே இதுக்குத்தான்."

 பிறகு நாட்காட்டியைப் புரட்டினார். ஜூலையில் அங்கேயே முந்தின படியான தியாக்கோன் பட்டம், ஆகஸ்ட் பதினைந்து மாதா திருநாளன்று இங்கே குருப்பட்டம். ஆயரிடம் தானே பேசுவதாகவும், உங்கள் சம்மதம் கேட்டு எழுதுவதாகவும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து ஐரினிடம் சொன்னேன். துணி மடியில் இருந்தது. ஊசியைக் குத்தி வைத்துவிட்டு என் கை இரண்டையும் பிடித்துக்கொண்டாள். ரொம்ப நேரம் விடவில்லை. சந்தோஷத்தில் அவளுக்குப் பேச்சே வரவில்லை.

சாமி கடிதம் வந்ததும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு எனக்கும் எழுதவும்.

ஆரோக்கியம்மாள்

*

சேசு மரி சூசை துணை

திண்டுக்கல்
12.6.2025

பிரதர் அவர்களுக்கு, சுகமா? உடம்புக்கு ஏதும் இல்லையே? இங்கே இருவரும் இருக்கிறோம்.

தபால்காரர் நம் வாசலில் நிற்காமல் போகிறார். அழைப்பிதழ் அச்சடிக்க ஆள் வந்து உட்கார்ந்திருக்கிறார். ஞாயிறு தவறாமல் அம்மாவிடம் பேசுகிறீர்கள். உதடு அசைவதைப் பார்க்கிறேன். தேதி என்கிற வார்த்தை அதில் வரவில்லை. என்ன பேசினீர்கள் என்று கேட்டால், "சாப்டியான்னு கேட்டான்மா" என்கிறாள்.

ஒரு வரி போதும். எழுதவும்.

ஆரோக்கியம்மாள்

*

சாரநாத்
19.6.2025

அன்புள்ள அம்மாச்சிக்கு,

உங்கள் முழங்காலுக்கும் மனசுக்கும் ஆறுதல் கிடைக்க வேண்டும் என்று எழுதத் தோன்றுகிறது. அதைக் கெடுக்கப் போகிறவன் நான்தான்.

மாநிலத் தலைவருக்கு எழுதிவிட்டேன். ஆகஸ்டில் முடியாது. டிசம்பரிலும் முடியாது. சபையிலிருந்து விலக அனுமதி கேட்டிருக்கிறேன்.

நான் புத்த சமயத்தில் சேரவில்லை, அம்மாச்சி. யாரும் என் மனசைக் கலைக்கவில்லை. உபாத்யாய்ஜி இதைக் கேள்விப்பட்டதும், "முட்டாளே, படிக்க வந்தவன் படித்துவிட்டுப் போ" என்று திட்டினார். நடந்தது இவ்வளவுதான். முன்பு செபத்தில் உட்கார்ந்தால் எதிரே ஒருவர் இருப்பார், பேசுவேன். பதில் வராத நாளிலும் பேசுவேன். இப்போது கூப்பிட வாய் திறந்தால், கூப்பிட யாரும் தோன்றவில்லை. பயமாகவும் இல்லை. ஜன்னல், பலகை, வெளிச்சம். அவை போதுமானவையாக இருக்கின்றன. இது நானே கேட்டு வாங்கியது இல்லை. திரும்பக் கொடுக்கவும் வழி தெரியவில்லை.

இந்தக் கையில் எண்ணெய் பூசச் சொல்லி நீட்டினால் அது பொய். அம்மாவுக்காகச் சொல்கிற பொய் என்றாலும் பொய்தான். நீங்கள் எவ்வளவு தூரம் நடந்து, யார் யார் முன் நின்று கேட்டீர்கள் என்று தெரியும். முன்பே எழுதியிருக்க வேண்டும். ஒவ்வொரு கடிதத்திலும் எழுத உட்கார்ந்து, வெயிலைப் பற்றி எழுதினேன்.

அடுத்த வண்டியில் வந்து அம்மாவோடு இருக்கிறேன். வரலாமா?

கஸ்பார்

*

சேசு மரி சூசை துணை

திண்டுக்கல்
2.7.2025

கஸ்பாருக்கு,

இருக்கிறோம்.

உன் கடிதத்தை அரிசிப் பானைக்குள் போட்டு வைத்திருக்கிறேன். ஐரின் கண்ணில் படக்கூடாது.

உனக்கு யாரும் தோன்றவில்லை. சரி. எனக்கு மட்டும் தினமும் வந்து எதிரே நாற்காலி போட்டு உட்காருகிறாரா? உன் அப்பா பிரான்சிஸ் லாரியில் அடிபட்டுக் கிடந்த அன்று நானும் வாயைத் திறந்தேன். யாரும் தோன்றவில்லை. அதற்காகச் செபத்தை விட்டேனா? மில் ஓடுகிறதோ இல்லையோ, பெல்டை மாட்டி வைக்க வேண்டும் என்று செபத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். நீ பதினெட்டு வயதில் போனவன். உன்னை இத்தனை வருஷம் படிக்க வைத்தது, ஜன்னலும் பலகையும் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவா? அது எங்கள் வீட்டிலும் இருக்கிறதே.

எண்ணெயை வாங்கிக்கொள். துணியை உன் அம்மா கையில் கொடு. அதற்கு அப்புறம் நீ எங்கே போனாலும் நான் கேட்கமாட்டேன். ஆண்டவரிடம் நான் பொறுப்பு. அதுவும் முடியாது என்றால் வராதே. அங்கி இல்லாமல் நீ வாசலில் வந்து நின்றால் அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிடும். அவள் பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஒரு துணியை. அதை நீ உருவினால் அவள் அன்றைக்கே போய்விடுவாள். போனிலும் வாயைத் திறக்காதே. தேதி தள்ளிப் போயிருக்கிறது என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

அந்தோணிமுத்துவும் மற்றவர்களும் கேட்டால் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதை உன்னிடம் கேட்டு என்ன?

ஆரோக்கியம்

*

சாரநாத்
16.7.2025

அன்புள்ள அம்மாச்சிக்கு,

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் நலம்.

நீங்கள் வராதே என்றதால் வரவில்லை. அம்மாவிடம் புதிதாக எதையும் சொல்லமாட்டேன். இது உறுதி.

உபாத்யாய்ஜியின் ஓலைச்சுவடிகளைப் படியெடுக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். பகலெல்லாம் எழுதுகிறேன். என் பெட்டி கட்டியே இருக்கிறது.

கஸ்பார்

*

சேசு மரி சூசை துணை

திண்டுக்கல்
24.8.2025

கஸ்பாருக்கு,

எனக்குச் சுகம் கேட்க வேண்டாம். கூட்டாமல் குறைக்காமல் என்று எழுதினாயே, அப்படியே இருக்கிறபடி எழுதுகிறேன்.

உன் அம்மா முன் அறையில் கட்டிலில் கிடக்கிறாள். ஜன்னல் பக்கம் தலை. கால் இரண்டும் வீங்கியிருக்கிறது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. வயிறு நிறைமாசக்காரி மாதிரி. முகம் மஞ்சள். வளையலை யாரும் கழற்றவில்லை, கை இளைத்து அதுவாக விழுந்தது. கஞ்சி ஒரு கரண்டி. அதுவும் திரும்பி வருகிறது. முதுகில் புண். ரூபியும் நானும் புரட்டிப் போடுகிறோம். புரட்டும்போது அவள் வாய் திறக்கிறது. கத்துகிறாள் என்று ரூபி முகத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிகிறது.

என்னிடம் ஏதோ சொல்கிறாள். உதடு வறண்டு, அசைவு பிடிபடவில்லை. குரல் போனவளும் காது போனவளும் ஒரே வீட்டில் கிடக்கிறோம். குனிந்து காதை வைத்தால் சூடு மட்டும் தெரிகிறது. எழுதச் சொல்லிப் பேனாவைக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் அம்புட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர். பேனா நழுவிவிட்டது.

மாதா திருநாளன்று கோவிலில் வெடி போட்டிருக்கிறார்கள். கட்டில் அதிர்ந்ததில் தெரிந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் சேலையை மடிப்பது போலத் திரும்பிக்கொண்டேன். தேதியைக் கேட்கவில்லை. துணியையும் கேட்கவில்லை. உன் பேரைத்தான் சொல்கிறாளாம், ரூபி எழுதிக் காட்டினாள்.

நேற்று மத்தியானம் வெகுநேரம் அசையாமல் கிடந்தாள். உள்ளங்கையை அவள் வாய்க்கு நேரே வைத்துப் பார்த்தேன்.

பட்டது.

ரூபி போன் போட்டு உன்னை வரச் சொல்கிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். வராதே என்று எழுதியவள் நான். வா என்றும் நான்தான் எழுத வேண்டும். அதனால் விரைவுத் தபாலில் போடுகிறேன். அங்கி இருக்கிறதோ இல்லையோ, வா.

அம்மாச்சி

*

சாரநாத்
5.10.2025

அன்புள்ள அம்மாச்சிக்கு,

அம்மாவை அடக்கம் செய்துவிட்டுப் புறப்பட்டவன் பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் கட்டிக் கொடுத்த எலுமிச்சம்பழச் சோறு நாக்பூர் வரை வந்தது. தனியாக இருக்கும் வீட்டில் சரியாகச் சாப்பிடுகிறீர்களா? ரூபி அக்காவை ராத்திரி துணைக்குப் படுக்கச் சொல்லியிருக்கிறேன், முறைத்து அனுப்பிவிடாதீர்கள்.

அங்கே இருந்த நாட்களில் சொல்லத் துணியாததை எழுதுகிறேன். கத்திச் சொல்லக்கூடிய விஷயமாக அது இல்லை.

நான் பட்டம் வாங்கமாட்டேன் என்பது அம்மாவுக்குத் தெரியும். ஈஸ்டருக்கு முன்பே, தவக்காலத்தில் நீங்கள் கடைக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் நான் சொல்லிவிட்டேன்.  கேட்டுவிட்டு, "சாப்டியாடா?" என்றார். அதற்குப் பிறகு சொன்னது இது: "அம்மாச்சிகிட்ட இப்பச் சொல்லாத. நான் போறதையே அவுக தாங்கணும். ரெண்டையும் ஒண்ணா அவுக தலையில எறக்காத."

அப்படியானால் துணியை ஏன் தைக்கிறீர்கள் என்று கேட்டேன். சிரித்தார். "நான் பேசுனா அவுகளுக்குக் கேக்காதுடா. எம் மூஞ்சியப் பாத்தா அழுகுறாக. இந்தத் துணிய எடுத்து மடியில வச்சா மட்டும் பக்கத்துல வந்து உக்காந்து மூஞ்சி தெளியிறாக. அதான் தைக்கிறேன்."

நீங்கள் மதுரைக்குப் போய்த் தேதி வாங்கி வந்த நாளில் அம்மா எனக்குப் போன் செய்தார். நீங்கள் அடுப்படியில் இருந்தீர்கள். "என்னடா பண்றது, என்னடா பண்றது" என்று அதையே சொன்னார்.  நீங்கள் வராதே என்று எழுதிய பிறகும், வந்துவிடுகிறேன் என்று ஒவ்வொரு ஞாயிறும் கெஞ்சினேன். "கதவச் சாத்துனது அவுக கை. அவுகளே தெறக்கட்டும். அதுக்கு முந்தி நீ வந்தா அவுகளுக்குன்னு ஒண்ணும் மிஞ்சாது" என்றார். குரல் போகும் முன் என்னிடம் சொன்ன கடைசிப் பேச்சு அதுதான்.

பெட்டி மூடுவதற்கு முன்னால் நீங்கள் அடுப்படிக்குப் போய், வேளாங்கண்ணி எண்ணெயைத் துணியில் தடவிக்கொண்டு வந்து அம்மா கையில் கட்டியதைப் பார்த்தேன். நம் கோவில் பெரிய சாமியார் பார்க்காதபடி முந்தானையால் மறைத்தீர்கள்.  சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? இருக்கிறபடி பார் என்று உங்களுக்குப் பக்கம் பக்கமாக எழுதியவன், இருப்பதை உங்களிடமிருந்து ஒளித்தேன்.

உங்களுக்கு இனி எப்படி எழுத வேண்டும் என்று தெரியவில்லை. எழுதாமல் இருக்கவும் தெரியவில்லை.

கஸ்பார்

*

சேசு மரி சூசை துணை

திண்டுக்கல்
16.10.2025

அப்பு கஸ்பாரு,

அம்மாச்சி எழுதுவது. இருக்கிறேன். ரூபி வந்து படுத்துக்கொள்கிறாள். குறட்டை விடுவாளாம், எனக்கென்ன, கேட்கவா போகிறது. உனக்கு இருமல் என்று அவளிடம் சொன்னாயாமே, மிளகு போட்டுப் பால் குடி.

உன் கடிதத்தை இரண்டு நாளாக எடுத்து எடுத்துப் படித்தேன். ஆத்தாளும் மகனுமாகச் சேர்ந்து என்னைச் சின்னப்பிள்ளையாக்கி விளையாட்டுக் காட்டியிருக்கிறீர்கள். அவளுக்குத் தெரியக்கூடாது என்று நான் கடிதத்தை அரிசியில் புதைக்கிறேன். எனக்குத் தெரியக்கூடாது என்று அவள் ஊசியில் நூல் கோக்கிறாள். ஒரே அறையில், கைக்கெட்டும் தூரத்தில். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று உனக்கு எழுதினேனே. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தாளே, அது என்ன பிடி என்று இப்போது புரிகிறது. புரிந்து என்ன செய்ய? போய்ப் பிடிக்க அந்தக் கை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் போன் இருக்கும் இடத்தில் போய் உட்கார்ந்து பார்க்கிறேன். அவள் எந்த வார்த்தைக்குச் சிரித்தாள், எதற்குத் தலையாட்டினாள் என்று நினைவில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். உதடு தெரிகிறது. ஒன்றும் கேட்கவில்லை.

எண்ணெய் வைத்தேன். ஆமாம். நீ பார்த்தால் பார். அப்போது மேலே போய் அவள் வெறுங்கையாக நிற்கக்கூடாது என்று தடவினேன். அவள் காட்டியிருக்கமாட்டாள் என்று இப்போது தெரிகிறது. அவளுக்குப் பொய் வராது. அது பட்டத்துத் துணி இல்லை. அது ஐரின் என் பக்கத்தில் உட்கார்ந்து ஓரம் தைத்த துணி. அவ்வளவுதான் அங்கே இருக்கிறது. அது அவள் கையோடு போனதில் ஒரு தப்பும் இல்லை.

அந்தோணிமுத்து வீட்டுக்கே வந்தார். சண்டைக்கு முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து அழுதார்.  காபி கொடுத்தேன்.

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். நேற்று கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தேன். இந்த வருஷம் மழை முன்னாடியே பிடித்துவிட்டது. உன் அப்பா கல்லறை சிமெண்டு, அதற்கு ஒன்றுமில்லை. அவள் மேல் போட்ட மண் ஒரு முழம் உள்வாங்கிவிட்டது. தண்ணீர் தேங்கி நிற்கிறது. சிலுவை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. மண்வெட்டியைத் தூக்கிப் பார்த்தேன், முழங்கால் விடவில்லை. ரூபி வீட்டுக்காரர் செய்கிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தோட்டக்காரரிடம் கூலிக்கு விடவும் மனசு வரவில்லை. குடை பிடித்துக்கொண்டு அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு வந்தேன்.

நீ வந்து முழங்கால் போட வேண்டாம். மெழுகுதிரி நான் ஏற்றுவேன், செபம் நான் சொல்வேன், எனக்கு வாய் இருக்கிறது. தீர்த்தம் தெளிக்கும்போது நீ தள்ளிப் போய் நின்றுகொள். யாரும் கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

பழைய கைலி ஒன்று எடுத்துக்கொண்டு வா. மண் அள்ள வேண்டும்.

அம்மாச்சி